நெஞ்சின் மேல் கருங்கல்

1924 ஜூன் 4. எவரெஸ்ட்டின் வடக்குச் சரிவில் ஏறக்குறைய 28,000 அடி உயரத்தில் இரண்டு ஆங்கிலேயர்கள். ஆக்சிஜன் உருளை எதுவும் கையில் இல்லை. ஒருவர் எட்வர்ட் நார்ட்டன், மற்றவர் ஹோவர்ட் சோமர்வெல். உறைபனிக் காற்றை நாள்கணக்கில் இழுத்து இழுத்து சோமர்வெல்லின் தொண்டை புண்ணாகியிருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் தனியே 28,126 அடி வரை ஏறிவிட்டுத் திரும்பினார். இறங்கும் வழியில் சோமர்வெல்லுக்கு மூச்சே அடைத்துக்கொண்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த நண்பரைக் கூப்பிடக் குரல் எழவில்லை. பனியில் உட்கார்ந்து சாவுக்குக் காத்திருந்தவர், கடைசி முயற்சியாக இரண்டு கைகளாலும் மார்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓர் இருமு இருமினார். குரல்வளைக்குள் உறைந்து செத்துப்போயிருந்த சவ்வு பிய்ந்து வெளியே விழுந்தது. மூச்சு வந்தது.

பிழைத்தவர் திரும்பி வந்த இடம் நெய்யூர். அதற்கு முந்தைய ஆண்டே அங்கிருந்த லண்டன் மிஷன் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகச் சேர்ந்திருந்தார் அவர். பிறகு கால் நூற்றாண்டு காலம் தென் திருவிதாங்கூர் மக்களின் வயிற்றைத் திறந்து தைப்பதே அவருக்கு வேலை. சிறுகுடல் புண் அன்று இப்பகுதியில் பெருகிக் கிடந்தது; அதற்கான அறுவையில்தான் அவர் பெயர் பெற்றார். குமரி மாவட்டத்தின் கருங்கல் என்ற ஊரிலிருந்து நெய்யூர் ஒரு சின்ன பஸ் பயணம். சோமர்வெல்லின் மலைக் கதையையும் அந்தக் குடல் புண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இந்தக் கட்டுரைக்குள் திரும்பி வரும்.

உயிர்ப் பயத்தில் சோமர்வெல் செய்ததை, பைபாஸ் அறுவை முடிந்து கண் விழித்தவருக்கு இன்று பிசியோதெரபிஸ்ட் பாடமாகச் சொல்லித் தருகிறார். தலையணையையோ மடித்த துண்டையோ மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்கிறார். அறுத்துக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்பில் ஓர் இருமல் ஏற்படுத்தும் இழுவிசை, சில கிலோ எடையைத் தூக்கும்போது வருவதைவிட அதிகம். வலிக்குப் பயந்து இருமாமல் அடக்கிக்கொண்டால் சளி தேங்கும். தேங்கிய சளி நிமோனியாவாகும். அதனால்தான் கைகளால் அணை கட்டிக்கொண்டு இருமுவது.

கருங்கல் என்ற ஊர்ப் பெயரிலேயே இதய வலியின் வர்ணனை இருக்கிறது. நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்பது தமிழர்கள் மாரடைப்பைச் சொல்லும் வழி. அந்தக் கல்லை இறக்கத்தான் ஸ்டென்ட், பைபாஸ் எல்லாம். கடன் வாங்கியோ காப்பீட்டு அட்டையைக் காட்டியோ அதைச் செய்துகொண்டு ஊருக்குத் திரும்பிய ஒருவருக்கு, பத்தாம் நாள் மறுபடி நெஞ்சு வலிக்கிறது. வந்திருப்பது பழைய கல்லா, புதிய தையலா, மாத்திரை தின்ற வயிறா, வெறும் பயமா? இதயச் சிகிச்சையைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அடைப்பைப் பற்றியே. சிகிச்சைக்குப் பின் வருகிற வலியைப் பற்றிப் பேச்சு குறைவு. மருத்துவமனை கொடுத்தனுப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தக் குழாயில் எத்தனை சதவீத அடைப்பு என்று விவரமாக எழுதியிருக்கும். இனி என்னென்ன வலி வரலாம், எது வந்தால் ஓடி வர வேண்டும் என்று எழுதியிருப்பது அபூர்வம்.

நோயாளி வலியை என்ன சொல்லால் சொல்கிறார், சொல்லும்போது கை எங்கே போகிறது என்பதிலேயே பாதி நோயறிதல் முடிந்துவிடுகிறது. இதய வலிக்கு மருத்துவப் பெயர் வைத்த லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768இல் அதை விவரித்தபோது அவரிடம் ஈசிஜி கிடையாது, ஸ்டெதஸ்கோப் கிடையாது. நடக்கையில், அதுவும் மேடு ஏறுகையில், சாப்பிட்ட பிறகு நடக்கையில் நெஞ்சை நெரிக்கிறது, நின்றால் நின்றுவிடுகிறது என்று நோயாளிகள் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு அவர் எழுதியது இன்றும் செல்லுபடியாகிறது. கையைப் பார்ப்பதற்கும் ஒரு மரபு உண்டு. முஷ்டியை மடக்கி நெஞ்சின் நடுவில் வைத்துக் காட்டினால் இதயத்தைச் சந்தேகி. ஒற்றை விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினால் பெரும்பாலும் எலும்போ தசையோ என்பார்கள். பெரும்பாலும்தான். சர்க்கரை நோயாளிக்கும் வயதானவருக்கும் பெண்களுக்கும் இந்த இலக்கணம் அடிக்கடி பொய்க்கும். மூச்சு வாங்கல், தாடைக் கடுப்பு, இனம் தெரியாத அசதி, நெஞ்சு வலியே இல்லாத வியர்வை என்று வேறு வேடத்தில் வரும்.

கருங்கல் பக்கத்தில் இதற்கு இன்னொரு சிக்கல், மொழி. தென் திருவிதாங்கூரில் இருந்த இந்தத் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1இல் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நோய் மட்டும் எல்லையைப் பார்ப்பதில்லை. நெஞ்சுக்கென்று திருவனந்தபுரம் போவது இங்கே பழைய வழக்கம். அங்கே 1970களில் திருவிதாங்கூர் அரச குடும்பம் தந்த கட்டடத்தில் தொடங்கி, 1980இல் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமான ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவக் கழகம் இருக்கிறது. டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் இந்தியாவின் சொந்த இதய வால்வை உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தியது அதுதான். அந்த ஊர் மருத்துவர் 'வேதன உண்டோ' என்று கேட்கிறார். மலையாளத்தில் வேதன என்றால் உடல் வலி. தமிழில் வேதனை மனசையும் சேர்த்துக்கொண்டது. நம் ஆள் 'வலி' என்கிறார். மலையாளக் காதுக்கு 'வலிவு' என்றால் இளைப்பு. இங்கே இரு மொழியும் புழங்குகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறோம். ஆனால் இரு மாநிலத்திலும் ஒரே மாதிரி குழப்புகிற சொல் ஒன்று உண்டு: 'ஆஞ்சியோ'. சாயம் செலுத்திப் படம் பார்த்ததும் ஆஞ்சியோ, ஸ்டென்ட் வைத்ததும் ஆஞ்சியோ. 'ஆஞ்சியோ பண்ணியாச்சு' என்று ஒருவர் சொன்னால் அவர் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் இருக்கிறதா என்பது இரவில் அவரைப் பார்க்கும் புதிய மருத்துவருக்குத் தெரியாது. சிகிச்சை அங்கிருந்தே மாறிவிடும்.

எலும்பு சொல்லும் வலி

இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையை 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன். ஐம்பது ஆண்டுகளில் எவ்வளவோ மாறியிருக்கிறது. வலியின் அடிப்படை மட்டும் மாறவில்லை, ஏனென்றால் வழி மாறவில்லை. நெஞ்செலும்பை மேலிருந்து கீழாக ரம்பத்தால் பிளக்கிறார்கள். இரும்புக் கருவியால் இரு பக்கமும் அகட்டிப் பல மணி நேரம் பிடித்து வைக்கிறார்கள். வேலை முடிந்ததும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் முறுக்கிக் கட்டுகிறார்கள். கம்பி அப்படியே உள்ளே இருந்துவிடும்.

அகட்டும்போது விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் மூட்டுகள் எல்லாம் நெம்பப்படுகின்றன. ஆகவே நெஞ்சைப் பிளந்தவருக்கு முதுகும் தோள்பட்டையும் வலிப்பதில் அதிசயமில்லை. 'அறுத்தது முன்னால, நோவுது பின்னால' என்று நோயாளி குழம்புவது இதனால்தான். மார்பின் உள்சுவரில் ஓடும் தமனி ஒன்றை உரித்தெடுத்து இதயத்தின் முக்கியக் குழாயில் இணைப்பது வழக்கம். பத்தாண்டு கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது திறந்திருக்கும். காலிலிருந்து எடுத்த சிரையில் பாதி அதற்குள் அடைத்துவிடும். அவ்வளவு பயனுள்ள அந்தத் தமனியை உரிக்கும்போது பக்கத்து நரம்பு இழைகளும் சேர்ந்து அடிபடுகின்றன. இடது மார்பில் மரத்துப்போன திட்டு, சட்டை உரசினால் எரிச்சல், சில நேரம் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற சுளீர். மாதக்கணக்கில் இருக்கலாம். இது இதயம் அல்ல என்று யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பல இரவுகளின் தூக்கம் மிச்சமாகும்.

எலும்பு கூடக் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம். முழு உறுதிக்கு மூன்று மாதம். இதற்குள் நடக்கக் கூடாதது ஒன்று உண்டு, குமரி மாவட்டத்தில் அது நடக்க வாய்ப்பும் அதிகம்: தடவல். இது வர்ம ஆசான்களின் மண். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்கு வைத்திருக்கும் மரபு, எலும்பு முறிவிலும் சுளுக்கிலும் இன்றும் மக்கள் நம்பிப் போகும் மரபு. எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு. ஆனால் கம்பி கட்டிய நெஞ்செலும்பின் மேல் எண்ணெய் போட்டு அழுத்தித் தடவுவது வேறு கதை. அந்த மரபில் நன்கு தேர்ந்த ஆசான் முதலில் சட்டையைக் கழற்றச் சொல்லித் தழும்பைப் பார்ப்பார். பார்த்தால் கை வைக்க மாட்டார் என்றே நம்புகிறேன். பயப்பட வேண்டியது வீட்டுக்காரர்களின் அரைகுறைக் கைவைத்தியத்துக்குத்தான்.

அடுத்தது மருந்துக் கடை. 'ஒரு வலி மாத்திரை கொடுங்க' என்றால் டைக்ளோஃபெனாக்கோ இபுப்ரோஃபெனோ கைக்கு வந்துவிடும். பைபாஸை ஒட்டிய வலிக்கு இந்த வகை மருந்துகளைத் தரக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் மிகக் கடுமையான எச்சரிக்கையையே அட்டையில் அச்சிட வைத்தது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடும் என்பது காரணம். இபுப்ரோஃபெனுக்கு இன்னொரு குற்றமும் உண்டு. ரத்தத் தட்டுகளில் ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தை அது முந்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பிரினை வேலை செய்ய விடாது. மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால், போதாவிட்டால் அவரே எழுதித் தரும் வேறு மருந்து என்பதே பாதுகாப்பான வழி. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதும் வீரமில்லை. வலித்தால் மூச்சு மேலோட்டமாகும். மூச்சு சுருங்கினால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாது. மூன்று பந்துகள் மிதக்கும் அந்தப் பிளாஸ்டிக் கருவியை இழுத்துப் பயிற்சி செய்யச் சொல்வது இதற்காகத்தான். பேரப்பிள்ளைகள் அதை விளையாட எடுத்துக்கொண்டு போய்விடுவது வேறு விஷயம்.

தையல் வலிக்கு இயல்பான போக்கு ஒன்று உண்டு: வாரத்துக்கு வாரம் குறைய வேண்டும். குறைந்து வந்த வலி மறுபடி ஏறினாலோ, திரும்பிப் படுக்கையில் எலும்புக்குள் 'டக்' என்று ஓசை கேட்டாலோ, தையல் வழியே நீர் கசிந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. மல்லாந்து படுத்தால் கூடி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைகிற வலி தனி இனம். இதயத்தைச் சுற்றிய உறையின் அழற்சி அது. மாரடைப்புக்குச் சில வாரம் கழித்து வரும் இதையொத்த நோயை 1956இல் விவரித்த வில்லியம் டிரெஸ்லரின் பெயரில்தான் அதை அழைக்கிறார்கள். நெஞ்சைத் திறந்த பிறகும் வரும். பெரும்பாலும் மருந்திலேயே அடங்கும். உறைக்குள் நீர் கோத்துக்கொண்டால் மட்டும் ஆபத்து, ஆகவே எக்கோ எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

மாத்திரையும் எரிச்சலும்

ஸ்டென்ட் நோயாளிக்குக் கதை எதிர்மாறு. காயமே கண்ணுக்குத் தெரியாது. மணிக்கட்டில் ஒரு துளை, மூன்றாம் நாள் வீடு. 1977 செப்டம்பர் 16இல் ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்சிக் 38 வயது நோயாளி ஒருவரின் இதயக் குழாயில் முதன்முதலாகப் பலூனை ஊதி அடைப்பை நெரித்துத் திறந்தார். அவரிடம் பயின்று வந்த டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1986இல் சென்னையில் அந்த முறையைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு ஐரோப்பாவில் முதல் ஸ்டென்ட்கள் வைக்கப்பட்டன. 2017 பிப்ரவரியில் இந்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய் என்று உச்ச விலை நிர்ணயித்தது. மருந்து பூசியது அதுவரை ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது.

வைத்த முதல் ஒன்றிரண்டு நாளில் நெஞ்சில் மந்தமான ஒரு வலி பலருக்கும் இருக்கும். கம்பி வலை குழாய்ச் சுவரை உள்ளிருந்து விரித்துத் தள்ளிக்கொண்டே இருப்பதால், சுவரின் வெளிப்படலத்திலுள்ள நரம்புகள் போடும் முனகல் அது. ஈசிஜியில் மாற்றமில்லாமல், நடந்தாலும் கூடாமல், தானே தேய்ந்து மறைந்தால் கவலையில்லை. மருத்துவமனையில் இருக்கும்போதே வருவதால் அங்கேயே சோதித்தும் விடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வருகிற எரிச்சலைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெலோ டிக்காக்ரெலாரோ சேர்த்து இரண்டு ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளை உட்கொள்ள வேண்டும். மாரடைப்பு வந்து வைத்தவருக்கு வழக்கமாக ஓராண்டு, மற்றவருக்கு ஆறு மாதம். அந்நியப் பொருளான கம்பியின் மேல் ரத்தக் குழாயின் உள்தோல் வளர்ந்து மூடும்வரை ரத்தம் அதில் உறையாமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை. இந்த மருந்துகளே இரைப்பையின் உள்தோலைப் புண்ணாக்கும். புளியும் மிளகும் தேங்காயும் அரைத்துவிட்ட மீன்கறி ஒரு பக்கம், ஆஸ்பிரின் இன்னொரு பக்கம். நெஞ்சுக்குழியில் எரிச்சல் கிளம்புகிறது. நோயாளி அதை வாயுப் பிடிப்பு என்கிறார். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, சோடா, ஜெலுசில் எல்லாம் ஆகிறது. கடைசியில், 'இந்த மாத்திரைதான் சூடு' என்று கண்டுபிடிக்கிறார். கண்டுபிடிப்பு சரிதான். அடுத்து மாத்திரையை நிறுத்துகிறார், அங்கேதான் விபரீதம்.

ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைப்பது அபூர்வம். முதல் ஆண்டில் நூற்றுக்கு ஒருவர் அளவில், அதிலும் முதல் 30 நாளில்தான் அதிகம். ஆனால் வந்தால் குழாய் ஒரே நொடியில் மொத்தமாக மூடிவிடும். உயிருக்கே ஆபத்து. அதற்கு மிக வலுவான காரணங்களில் ஒன்று மாத்திரையை முன்கூட்டியே நிறுத்துவது. ஆக, வயிற்று எரிச்சல் நேராக யாரையும் கொல்வதில்லை; மாத்திரையை நிறுத்த வைத்துக் கொல்கிறது. சோமர்வெல் காலத்தில் நெய்யூரில் கத்தி தேவைப்பட்ட குடல் புண்ணுக்கு இன்று பெரும்பாலும் பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளே போதும். எரிகிறது என்று மருத்துவரிடம் சொன்னால் அதை எழுதித் தருவார். கடையில் தானாக வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது, இதே வகை ஒமெப்ரசோல் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். பல் பிடுங்கப் போகிற இடத்தில் 'ரத்தம் நிற்காது, மாத்திரையை நிறுத்திட்டு வாங்க' என்று சொன்னாலும், ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. டிக்காக்ரெலார் சாப்பிடுகிறவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு மூச்சு முட்டுவது போன்ற உணர்வு வரும். இதயம் கெட்டுவிட்டது என்று அலறிப் போகிறவருக்கு, மருந்தை மாற்றினால் சரியாகிவிடும் என்பது தெரிந்திருப்பதில்லை.

மாதங்கள் கழித்து, நடந்தால் வந்து நின்றால் போகும் பழைய கல் அப்படியே திரும்பினால் அது ஹெபர்டன் சொன்ன வலி. ஸ்டென்ட்டுக்குள் தசை வளர்ந்து சுருங்கியிருக்கலாம். மருந்து பூசாத ஸ்டென்ட்டில் இது ஐந்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ நடந்தது, பூசியதில் வெகுவாகக் குறைந்துவிட்டது. வேறு குழாயில் புதிய அடைப்பாகவும் இருக்கலாம். ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் திறந்தே இருப்பதும் உண்டு. பெரிய குழாய்கள் மட்டுமே படத்தில் தெரியும். இதயத் தசைக்குள் பரவியிருக்கும் மயிரிழைக் குழாய்களின் கோளாறும், குழாய் திடீரென்று இசிவெடுத்துச் சுருங்குவதும் படத்தில் சிக்காது. வலி மட்டும் நிஜம். 'படம் நல்லா இருக்கு, உங்களுக்கு ஒண்ணுமில்லை' என்ற ஆறுதலைக் கேட்டுவிட்டு வலியோடு பஸ் ஏறுகிறவர்களில் பெண்கள் அதிகம். அவர்களுக்கும் மருந்து இருக்கிறது.

பிரிட்டனில் ஒரு துணிச்சலான சோதனை செய்தார்கள். ஆர்பிட்டா என்று பெயர். நிலையான நெஞ்சு வலி உள்ள 200 பேரில் ஒரு பாதிக்கு உண்மையான ஸ்டென்ட், மறு பாதிக்கு வைத்ததுபோல் பாவனை. 2017இல் வந்த முடிவில், ஏற்கெனவே மருந்துகள் முழு அளவில் இருந்தவர்கள் நடக்கும் நேரத்தில் இரு அணிக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. 301 பேரிடம், வலி மருந்துகளை நிறுத்திவிட்டு மறுபடி செய்து 2023இல் வந்த முடிவில் ஸ்டென்ட் தெளிவாக வென்றது: முழுக்க வலி நீங்கியவர் ஸ்டென்ட் அணியில் நூற்றுக்கு 40 பேர், பாவனை அணியில் 15 பேர். இந்த எண்ணை நான் இரண்டாகப் படிக்கிறேன். ஸ்டென்ட் வலியைக் குறைக்கிறது, உண்மை. சரியான அடைப்பில் சரியாக வைத்த பிறகும் வலி முழுசாகப் போகாதவர்கள்தான் பாதிக்கு மேல். இது மாரடைப்பின் நடுவில் வைக்கும் ஸ்டென்ட்டைப் பற்றியதல்ல, அது உயிர் காப்பது. நிலையான வலிக்காக வைத்துக்கொள்கிறவரிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவிட்டால், பிறகு வரும் வலி அவருக்கு ஏமாற்றமாகவோ மருத்துவரின் குற்றமாகவோ படாது.

இரவு இரண்டு மணி

சரி, இரவு இரண்டு மணிக்கு வலி. எந்த வலி என்று வீட்டில் யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. உட்கார வைத்து, மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் சார்பிட்ரேட் மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில். நின்றுகொண்டு போட்டால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை, அதாவது வயாகரா வகை, முந்திய ஒன்றிரண்டு நாளில் சாப்பிட்டிருந்தால் சார்பிட்ரேட்டைத் தொடவே கூடாது. மனைவி மக்கள் முன்னால் சொல்லக் கூச்சம் என்பதால் இந்த ஒரு தகவல் ஆஸ்பத்திரியிலும் வெளிவருவதில்லை. ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108 ஆம்புலன்ஸ். வண்டி கிடைத்ததே என்று பைக்கின் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போவது வேண்டாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சார்பிட்ரேட்டில் குறைந்தது, ஆகவே இதயம்; ஜெலுசிலில் குறைந்தது, ஆகவே வாயு என்று முடிவு கட்டுவது வீட்டுக்கு வீடு நடக்கிறது. இரண்டும் தவறு. உணவுக் குழாய் இசிவும் சார்பிட்ரேட்டில் தளரும். மாரடைப்பு வலியும் தற்செயலாக ஜெலுசில் குடித்த நேரத்தில் தணியும். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் டிரோபோனினை ரத்தத்தில் பார்க்க வேண்டும். அண்மையில் அறுவையோ ஸ்டென்ட்டோ ஆனவருக்கு டிரோபோனினும் சில நாள் உயர்ந்தே இருக்கும், ஈசிஜியும் ஏற்கெனவே கோணலாக இருக்கும். பழையதோடு ஒப்பிட்டால்தான் புதியது தெரியும். ஆகவே வீட்டுக்கு அனுப்பும் நாளில் எடுத்த ஈசிஜியை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது, தலையணைக்கு அடியில் வைக்கும் எந்தத் தாயத்தையும்விட மேல். வெப்பத் தாளில் அச்சான அசல் நாளாவட்டத்தில் வெளிறிவிடும்.

தாமதம் எவ்வளவு பெரிய எதிரி என்பதற்குப் பெரிய கணக்குகள் உண்டு. இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளில் 20,468 பேரைப் பார்த்த க்ரியேட் ஆய்வு 2008இல் வெளியானது. மாரடைப்பு தொடங்கி மருத்துவமனை சேர நடுத்தர நேரம் 360 நிமிடம். ஆறு மணி நேரம்! தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்துச் செய்த சோதனையில் 2,420 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மூன்று வகையில் 14 மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அந்த மாத்திரைகளில் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் உண்டு. ஸ்டென்ட் வைத்தவர் தினசரி என்ன சாப்பிடுகிறார் என்ற சீட்டு கையில் இருந்தால் அங்கிருக்கும் மருத்துவருக்கு வேலை எளிது.

பயமும் வலிக்கும். நெஞ்சு ஒரு முறை ஏமாற்றிய பிறகு அதன் ஒவ்வொரு துடிப்பையும் காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் வந்துவிடுகிறது. வீட்டார் வாளியைத் தொட விடுவதில்லை, படியேற விடுவதில்லை. 'ஹார்ட் பேஷன்ட்' என்பது ஒரு பதவியாகிவிடுகிறது. உட்கார்ந்தே இருப்பவருக்குத் தசை தளர்ந்து, நாலு எட்டு வைத்தாலே நெஞ்சு படபடக்கும். படபடப்பு பயத்தைக் கூட்டும். இந்தச் சுழலை உடைக்கத்தான் இதய மறுவாழ்வுப் பயிற்சி. நம் நாட்டில் அதற்கான மையங்கள் மிகக் குறைவு. 24 இந்திய மருத்துவமனைகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகளிடம் யோகாவை வைத்து மறுவாழ்வு தந்து பார்த்தார்கள். 2020இல் வந்த முடிவுப்படி, மறு மாரடைப்போ சாவோ உறுதியாகக் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. பழைய வேலைகளுக்குத் திரும்புவதும், தன் உடம்பு நன்றாக இருக்கிறது என்ற எண்ணமும் மேம்பட்டன. எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

எந்த வேலைக்கு, எத்தனையாம் வாரத்தில்? மேலைநாட்டு மருத்துவமனைக் கையேடுகளில் கோல்ஃப் எப்போது ஆடலாம், புல்வெட்டும் இயந்திரத்தை எப்போது தள்ளலாம் என்றெல்லாம் இருக்கும். கருங்கல் சுற்றுவட்டாரத்துக்கு ஒரு கையேடு எழுதினால் அதில் வேறு வரிகள் வேண்டும். கம்பிப் பாரையில் தேங்காய் உரிப்பது எப்போது? கேஸ் சிலிண்டரை உருட்டுவது எப்போது? நிரம்பிய சிலிண்டர் முப்பது கிலோவுக்குப் பக்கம். கடற்கரை ஊர்களில் கரமடி வலையின் கயிற்றில் கை சேர்ப்பது, வள்ளத்தைத் தள்ளுவது எப்போது? கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு செய்கிற எந்த வேலையும் நெஞ்செலும்பை அதிகம் இழுக்காது, அகட்டி நீட்டிச் செய்வதுதான் இழுக்கும் என்று அமெரிக்க மறுவாழ்வுப் பயிற்சியாளர்கள் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த அளவுகோலில் பார்த்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது ஓரளவு தாங்கக்கூடிய வேலை, அந்தப் பால் வாளியைச் சரிவில் தூக்கி வருவதுதான் முரட்டு வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. வெட்டுக்காரர் முதலில் திரும்பலாம், வாளி தூக்க இன்னும் சில வாரம் இன்னொருவர் வேண்டும். நாள் குறிக்க வேண்டியவர் அவருடைய மருத்துவர்.

ஆனால் ஒன்று. வெட்டு விடியலுக்கு முன்னால், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், தனியாக. ஒரு நாளுக்கு முந்நூறு மரம். வேர்க்கும் என்று சட்டையைக் கழற்றி முதல் மரத்தின் பக்கம் தொங்கவிட்டுவிட்டுப் போவார்கள். சார்பிட்ரேட் அட்டை சட்டைப் பையில் இருக்கும். அவர் இருநூறாவது மரத்தில் இருப்பார்.